மட்டமான பெயிண்ட்

ஆஷாவின் சிவப்பு சைக்கிள் ஃப்ரேமில் செயின் எண்ணெய் அப்பிக் கிடந்தது. மதிய இடைவேளையில், பனியன் கம்பெனி வாசலில் வைத்து, அதைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். பனியனில் எண்ணெய்க் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னோடு வந்து நின்றான் சூப்பர்வைசர் தரணி.

“வேண்டாம்ணே, பெயிண்ட் போயிரும்.”

“வெள்ளை பனியனுக்கே ஒண்ணும் ஆகறதில்லீங்க. இரும்புக்கு என்னங்க ஆகும்? மதுரைக்காரங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க” என்றபடி பீய்ச்சினான்.

எண்ணெயோடு சிவப்பும் கரைந்து ஒழுகியது.

“மட்டமான பெயிண்டுங்க” என்றான்.

அந்த ‘ங்க’வில் மரியாதை துளியும் கிடையாது என்பதை மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு அறிந்தவள் ஆஷா. கன்னை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். பக்கத்தில் நின்ற அவனுடைய புது பைக்கின் டேங்க்கை நோக்கிப் பிடித்தாள்.

“உங்களுது நல்ல பெயிண்டுங்க. ஒண்ணும் ஆகாதுங்க” என்று விசையை அழுத்தினாள்.