கடல் காலியாகும் வரை

சூரியனை நம்பிப் பிழைப்பவளுக்குப் பொறுமை அதிகம் என்று எவனாவது சொன்னால், அவனை ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். எங்கள் தீவின் ராக்கெட் தளத்தில், இரவு வானத்தில் ஆடும் துருவ ஒளி எப்போது வரும் என்று சொல்வது என் வேலை. அந்த ஒளிக்குள் பாய்ந்து அளவெடுக்க, எங்கள் விஞ்ஞானி எஸ்கில் ஆறு வருடம் மெனக்கெட்டுச் செய்த கருவி, ராக்கெட்டின் மூக்கில் இரண்டு வாரமாகக் காத்துக் கிடந்தது. தினமும் இருட்டியதும் பின்னோக்கி எண்ண ஆரம்பிப்போம். கடைசி இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஒன்றும் வராது, மூடிவிட்டுப் போவோம். அன்றுதான் கடைசி நாள். மறுநாள் ராக்கெட்டைக் கழற்றிவிடுவார்கள், மறுபடி எப்போது என்று யாரும் சொல்லத் தயாராக இல்லை.

இரண்டு நாள் முன்பு சூரியன் நன்றாகவே வெடித்திருந்தது. அது கக்கியதெல்லாம் அன்று மதியமே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் காந்தம் வடக்குப் பார்த்து நின்றது. அப்படி நின்றால் எத்தனை வேகமாக வந்தாலும் பூமி அதை உள்ளே விடாது. தெற்கே திரும்ப வேண்டும். திரும்பினால், பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் செயற்கைக்கோள் அரை மணி நேரம் முன்கூட்டி எனக்குச் சொல்லும். அதற்கு மேல் முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

மாலை ஆறு மணிக்கு வானத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது.

"சுன்னிவா, இதுலயே விட்டுடலாமா?" என்றான் எஸ்கில்.

"இந்தச் சோனி வெளிச்சத்துக்கா ஆறு வருஷம் உழைச்ச? பொறு. பெருசா வரும்."

பொறுத்தான். கொஞ்ச நேரத்தில் என் திரையில் கோடு சரிந்து கீழே இறங்கியது.

"தெற்கே திரும்பிடுச்சு! இன்னும் அரை மணி நேரந்தான்!" என்று கத்தினேன்.

யாரும் கை தட்டவில்லை. பாதுகாப்பைக் கவனிக்கும் ஒட்னி கடல் ரேடாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராக்கெட் விழுற இடத்துல இப்பதான் ஒரு படகு வந்து நிக்குது" என்றாள். படகு இருந்தால் ராக்கெட் கிடையாது. யார் படகு என்று நான் கேட்கவில்லை. காட் மீன் வந்து குவியும் காலத்தில் அந்த இடத்தை விட்டு அசையாத ஆள் என் அண்ணன் தோர்லைஃப் மட்டும்தான்.

வயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன். "அண்ணே, வெளிய வா! ராக்கெட் விடப்போறோம்!"

"ரெண்டு வாரமா இதேதானடி சொல்றீங்க? தினம் காலையில விரட்டுறீங்க, ராத்திரி ஒண்ணுமில்லங்கிறீங்க."

"இன்னிக்கு நிஜமா வருது!"

"நேத்தும் நிஜமா வருதுன்னுதான் சொன்னீங்க. உன் சூரியனைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு, வலை நிறைய மீன் கெடக்கு."

எஸ்கில் என் கையிலிருந்து அதை வாங்கினான். "அண்ணே, இன்னிக்குத் தவறினா போச்சு. என் ஆறு வருஷம்ணே."

இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் குரல் வந்தது. "வலையை இழுக்கறேன் தம்பி. முக்கால் மணி நேரமாவது ஆகும்."

"அறுத்துப் போட்டுட்டு வாயேன்!" என்றேன்.

"அறுத்தா அது அடியில கெடந்து வருஷக்கணக்கா மீனைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே இருக்கும். அதை மட்டும் செய்யச் சொல்லாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பா எங்கள் இருவரையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்.

சொன்ன நேரத்துக்கு ஒளி வந்தது. தலைக்கு மேல் வானம் முழுக்கப் பச்சை கொதித்தது, ஓரத்தில் ரோஜா நிறம் ஓடியது. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை. ரேடாரில் அந்தப் புள்ளி நத்தையாய் ஊர்ந்தது. எஸ்கில் ஒரு முறை புள்ளியைப் பார்த்தான், ஒரு முறை வானத்தைப் பார்த்தான். போ அண்ணே, போய்த் தொலை என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தேன்.

பச்சை வெளுத்தது. கிழிந்து கிழிந்து வடக்கே போனது. அப்புறம் நட்சத்திரங்கள்தான் இருந்தன.

"கடல் காலி. இப்ப விடலாம்" என்றாள் ஒட்னி, திரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

எஸ்கில் காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தான். என்னை நன்றாக நாலு திட்டு திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நீ சொன்னது அத்தனையும் அப்படியே நடந்துச்சு, சுன்னிவா" என்றான்.