இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்காது. சாப்பிடும்போதும் சரி, பேப்பர் படிக்கும்போதும் சரி, பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போதும் சரி, வெளியே ஒரு வண்டி கிரீச்சிட்டால் போதும், அந்தக் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் வேலை. பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர் மறக்கிற இடத்திலெல்லாம் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. அவர் மிதித்ததால் உயிரோடு நடமாடுகிறவர்கள் அந்த ஊரில் ஏராளம். அதில் பாதிப் பேர் தாங்களே மிதித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வலிப்பு வந்தது. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷன். மாஸ்டரை வகுப்பறைக்கு மாற்றி, சுவரில் மாட்டியிருக்கும் சாலைக் குறிகளைக் குச்சியால் தொட்டுக் காட்டும் வேலையைக் கொடுத்தார். 'அபாய வளைவு' படத்தைத் தொடும்போதெல்லாம் மாஸ்டரின் கால் வகுப்பறைத் தரையை மிதித்தது.

இதெல்லாம் தெரிந்தும், அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் நீளமான தாள் ஒன்றை விரித்துப் போட்டாள்.

"இந்தத் தடவை கடற்கரைப் பயணம் தள்ளிப் போகாது. நாலு நாள் லீவு சொல்லிட்டேன். வண்டியை நான் ஓட்டறேன்."

மாஸ்டர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் ஓட்டாதவள் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுப்பவள். பச்சைக் குழந்தையின் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷமானாலும் வீட்டு வண்டியை எப்போதும் மாஸ்டர்தான் ஓட்டுவார். அவருக்கு உடம்புக்கு வந்த பிறகு, இந்த இரண்டு மாதமாக அவளே லேபுக்கு ஓட்டிப் போய் வருகிறாள். ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர்கள் ஊர் தாம்பாளம் மாதிரி தட்டை. மாஸ்டரின் பயம் மேட்டைப் பற்றியது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த காரணம். லைசென்ஸ் டெஸ்டில் மேட்டில் பாதி ஏறி, நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அவள் முதல் தடவை உருண்டாள், ஃபெயில். இரண்டாவது தடவையும் உருண்டாள். மூன்றாவது தடவை பரீட்சை அதிகாரி பின் சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க, வண்டி பின்னால் நழுவத் தொடங்கிய அந்த நொடியில், முன்னால் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கால் அதுபாட்டுக்கு இரண்டாவது பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி சிலை மாதிரி நின்றது. அதிகாரி டிக் அடித்தார். அவள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பில் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் பதினோரு வருஷம் திறக்கவில்லை.

"முதல் நாள், கிளிஞ்சல் கடற்கரை" என்று மகள் தாளில் எழுதினாள். பன்னிரண்டு வயது. நீலப் பென்சிலால் கடலையும் பச்சையால் தோப்புகளையும் தீட்டுவது அவள் பொறுப்பு. "ரெண்டாவது நாள், ஆமை முட்டையிடற மணல் திட்டு. அப்புறம் பறவைங்க வர்ற கழிமுகம். மூணாவது நாள், லைட் ஹவுஸ்!"

"லைட் ஹவுஸ் எதுக்கு?" என்றார் மாஸ்டர், தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

மனைவி நிமிர்ந்தாள். "எதுக்கா? எங்க லேபுல ரத்தம் எடுக்கற நாற்காலிக்கு எதிர்ல அந்தப் படம்தான் மாட்டியிருக்கு. ஊசியைப் பார்க்காதீங்க, அந்த விளக்கைப் பாருங்கன்னு ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்ட சொல்றேன். எல்லாரும் பார்த்தாச்சு. நான்தான் பார்த்ததில்ல, நான் ஊசியைத்தானே பார்த்துட்டு இருக்கேன்."

மாஸ்டருக்கு அந்த இடம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் வேன் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மலை முனையில் விளக்கு. அதற்கு ஏறுகிற பாதை ஒரே ஒரு வண்டி போகிற அகலம். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து வண்டி வந்தால் ஏறுகிறவர் மேட்டிலேயே நின்று வழி விட வேண்டும். விட்டபிறகு அங்கிருந்தே எடுக்க வேண்டும். பின்னால் முழங்கால் உயரத் தடுப்புக் கல். கல்லுக்கு அப்புறம் கடல்தான். பின் சீட்டில் மகள் உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்ததுமே அவர் கால் மேசைக்கடியில் அழுத்தியது.

அன்றிலிருந்து மாஸ்டர் இயற்கை ரசிகராகிவிட்டார். தட்டையான இடங்களாகத் தேடித் தேடித் தாளில் சேர்த்தார். அலையாத்திக் காடு, சவுக்குத் தோப்பு, நண்டு ஓடும் திட்டு, உப்பளத்துப் பக்கம் கொக்கு பார்க்கும் இடம். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி எதையாவது பார்க்க வேண்டும். இப்படி நிறுத்திக்கொண்டே போனால் நாலு நாளில் மலை முனைக்குப் போய்ச் சேரவே முடியாது என்பது அவர் கணக்கு. மறுபக்கம் கலங்கரை விளக்கத்தின் மேல் பழி போட ஆரம்பித்தார். அங்கே காற்று ஆளையே தூக்கும் என்றார். படிக்கட்டு இருநூறு என்றார். மேலே ஒன்றுமில்லை, பெயிண்ட் உதிர்ந்த ஒரு தூண்தான் என்றார். ஒன்றும் எடுபடாமல் போகவே, செவ்வாய்க்கிழமை துணிந்து கதை கட்டினார்.

"போன் பண்ணிக் கேட்டுட்டேன். ரிப்பேர் வேலை நடக்குதாம். இந்த மாசம் பூரா மூடியிருக்காம்."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "சரி, விடுங்க" என்றாள். அந்த 'விடுங்க' மாஸ்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் நிம்மதியாக மூச்சு விட்டார், மனுஷன்.

நிம்மதிக்கு ஆயுசு ஒரு நாள். புதன்கிழமை சாயங்காலம் அவர் வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, லைட் ஹவுஸ் திறந்துதான் இருக்கு! தினமும் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குமாம். ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லையாம்."

மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றாள். அவரையே பார்த்தாள். நரம்பு தேடும்போது பார்க்கிற அதே பார்வை.

"குட்டி, நீ போய் முகம் கழுவு" என்று மகளை உள்ளே அனுப்பினாள். பிறகு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. நான் ஓட்டறது அவ்வளவு பயமா?"

"பயம்னு இல்ல…" மாஸ்டர் மென்று முழுங்கினார். "ஒரு யோசனை. முதலாளிகிட்ட கேட்டிருக்கேன். ஸ்கூல் வண்டியை நாலு நாளைக்குத் தர்றேன்னுட்டார். நம்ம வண்டிக்குப் பதிலா அதுல போகலாம். நீ ஓட்டு. நான் பக்கத்துல இருப்பேன், அந்த பிரேக்கோட. அப்ப லைட் ஹவுஸ்கூடப் போகலாம்."

"கூரையில 'பழகுநர்'னு போர்டு வச்சுக்கிட்டுக் கடலுக்குப் போகணுமா?"

"போர்டைக் கழட்டிடலாம்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்க கால் அந்த பிரேக் மேல இருக்கறப்போ மறுபடியும் வலிப்பு வந்தா?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கால். அது விறைத்துப்போய் நடுரோட்டில் பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்பதும், பின்னால் ஒரு லாரி வருவதும் அவர் கண்முன் வந்தன. இந்த எட்டு வாரத்தில் அவர் அவளைப் பற்றிப் பயந்தார், மேட்டைப் பற்றிப் பயந்தார், கடலைப் பற்றிப் பயந்தார். தன் காலைப் பற்றி ஒரு நாளும் பயப்படவில்லை.

அதோடு அவர் உடைந்துபோனார். "டெஸ்ட்ல… மேட்டுல வண்டியை நிறுத்தினது நீ இல்ல. நான்தான்."

"எந்த டெஸ்ட்ல?"

"மூணாவதுல. வண்டி நழுவுச்சு. நான் மிதிச்சுட்டேன்."

வெளியே யாரோ கேட்டைத் திறந்து மூடினார்கள்.

"ஏன்?"

"நீ மறுபடியும் அழுவியேன்னு." அவள் பார்வை அவரை விடவில்லை. "அது பாதி. மீதி… மாஸ்டரோட சம்சாரமே மூணு தடவை ஃபெயிலுன்னு ஸ்கூல்ல சிரிப்பாங்களேன்னு."

"பரீட்சைன்னு நடுநடுங்கி, அதுக்கப்புறமும் நான் ஜெயிச்சது அது ஒண்ணுதாங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "லேபுல புதுசா சேர்ற பொண்ணுங்க நரம்பு கிடைக்கலன்னு அழுவாங்க. ஒவ்வொருத்திகிட்டயும் நான் அந்தக் கதையைத்தான் சொல்வேன். ரெண்டு தடவை தோத்து மூணாவது தடவை பாஸானேன், நீயும் பாஸாவேன்னு. பதினோரு வருஷமா பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து வந்தாள். லைசென்ஸை உருவி அவர் முன்னால் வைத்தாள். "இது உங்களோடது. நீங்களே வச்சுக்குங்க."

மறுநாளிலிருந்து லேபுக்குப் பஸ்ஸில் போனாள். வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. மேசை மேல் தாள் விரித்தபடியே கிடந்தது, ஒருவரும் மடிக்கவில்லை. "போறோமா இல்லையா?" என்று மகள் தினமும் அவரிடம் குசுகுசுவென்று கேட்டாள். லைசென்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது. வகுப்பில் குச்சியைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது. பயணம் போனால் போகட்டும். இவள் இனி சிரிப்பாளா? அதுதான் அவரை அரித்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மனைவி சாவியோடு வந்து நின்றாள். "கிளம்புங்க. டெஸ்ட் மைதானம் காலியாத்தான் இருக்கும்."

ஊரின் ஒரே மேடு அந்த மைதானத்தில்தான் இருக்கிறது, டெஸ்டுக்காக மண் கொட்டி சிமென்ட் பூசியது. மாஸ்டர் பழக்க தோஷத்தில் முன் கதவைத் திறந்தார்.

"பின்னாடி" என்றாள் அவள். "வாயைத் திறக்கக் கூடாது. காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். அந்த வயதுக்கும் அந்த வயிற்றுக்கும் கார் சீட்டில் சம்மணம் போடுவது லேசு இல்லை.

முதல் தடவை பாதி மேட்டில் நிறுத்தி எடுத்தபோது, வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. அவர் கால் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டார். அவளே மிதித்து நிறுத்தினாள். இரண்டாவது தடவை எஞ்சின் அணைந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். கிளட்சைப் பாதி விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்வரை காத்திருந்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை அவள் அவசரப்படவில்லை. எஞ்சின் சத்தம் மாறும்வரை காத்திருந்தாள். மூக்கு தூக்கியது. ஹேண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு நொடி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது, பிறகு ஏறியது.

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் லைசென்ஸை எடுத்து நீட்டியது. கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மாதிரி அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்க" என்றாள். "இன்னும் ஒன்பது தடவை ஏறணும்."

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. அவள் இறங்கி ஏறினாள், இறங்கி ஏறினாள். ஆறாவது ஏற்றத்தில் ஒரு சாண் உருண்டது. எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள். வெயில் மைதானத்துக்குள் வந்துவிட்டது. தொடர்ந்து பத்து தடவை ஏறி முடித்து, மேட்டின் உச்சியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கைகள் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காத நடுக்கம்.

"நிறுத்தினது யாரு?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"நீதான்." மாஸ்டர் முன்னால் சாய்ந்தார். "நீ மட்டும்தான்."

அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். மாஸ்டர் லைசென்ஸை அதில் வைத்தார். அவள் அதிலிருந்த தன் பழைய போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இறங்கி முன்னாடி வந்து உக்காருங்க. வீட்டுக்குப் போய் அந்தத் தாள்ல லைட் ஹவுஸை எழுதணும். உங்க கையால எழுதணும்."

மாஸ்டர் காலைப் பிரிக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

"இறங்க முடியலம்மா. ரெண்டு காலும் மரத்துப் போச்சு."

புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"இருக்கட்டும்" என்று கியரைப் போட்டாள். "லைட் ஹவுஸ் போற வரைக்கும் அப்படியே மரத்திருக்கட்டும்."