உர்குயா தூக்கிய கை

ஜிபார் வெள்ளைத் துணியை மடித்து வாளியின் வாயில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சின்னம்மா மெல்லச் சாய்த்து ஊற்றினாள். துணியில் சேறு தங்கியது, நூல் நூலாய்ப் புழு நெளிந்தது, நடுவில் ஓர் ஆட்டுப் புழுக்கை. கீழே இறங்கிய தண்ணீர் அப்போதும் பழுப்பாகத்தான் இருந்தது. இந்த வாய்க்கால் தண்ணீர் கொடுத்த குடல்காய்ச்சலில்தான் அம்மா செத்தாள். இப்போது இதிலேயே அவளைக் குளிப்பாட்டியாக வேண்டும். வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

“இன்னொரு தடவை வடிகட்டட்டுமாடி?” என்றாள் சின்னம்மா.

“எதுக்கு? செத்தவளுக்கு இனிமே என்ன வந்துடப்போவுது. ஊத்துங்க.”

பாட்கேன் நகரத்துப் பக்கத்தில், வாய்க்காலின் கடைசி ஊர் அது. மேலே இருக்கிற ஊர்களின் ஆடு, மாடு, கழிவு எல்லாம் கழுவிக்கொண்டு வந்து சேருகிற தண்ணீர்தான் இவர்களுக்குக் குடிநீர். இரண்டு வருடத்துக்கு முன்பு மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஏழைகளையும் கேட்டுத்தான் இனி முடிவெடுப்போம் என்று சொல்லி, ஜிபாரின் அம்மா, விதவை உர்குயாவைச் சுகாதாரக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். அவளுடைய கிழிந்த செருப்பு போட்டோவில் நன்றாக விழுந்தது போலும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்முன் உர்குயா கோழிகளிடம்கூடப் பேசிப் பழகினாள். “மொதல்ல குழாய். மத்ததெல்லாம் அப்புறம்.” அவ்வளவுதான் அவளுடைய பேச்சு.

அங்கே போனதும் முதலில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். கொழுப்பு மிதக்கும் ஆட்டிறைச்சிப் புலாவ், தேன், வெள்ளை ரொட்டி. ஒருவன் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு அன்றைக்கே அவன் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது அந்த மண்ணில் வழக்கமில்லை. சாப்பிட்ட பிறகு கேட்டார்கள்: இருக்கிற பணத்துக்குக் கைகழுவும் பிரசாரம்தான் சரிவரும், எல்லாருக்கும் சம்மதமா? கைகள் உயர்ந்தன. உர்குயாவின் கையும் உயர்ந்தது.

“வயிறு முட்டத் தின்னுட்டு எப்பிடிடி வேணாம்னு சொல்றது?” என்று திரும்பி வந்து அழுதாள். ஊர் விடவில்லை. ஒரு தட்டு சோத்துக்குக் குழாயை வித்தவள் என்று வாய்க்கால் கரையிலேயே சொன்னார்கள். காய்ச்சலில் கடைசியாகவும் அதைத்தான் பிதற்றினாள். “குழாய்னு சொல்லியிருக்கணும்டி, ஜிபார்.”

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் கிடத்தினார்கள். பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள்; ஜிபாரின் சின்ன மகள் வாசலில் தனியே மண்ணளைந்தாள். ஆண்கள் வெளியே, வழக்கப்படி ஆளுக்கொரு கம்பை ஊன்றிச் சாய்ந்து அழுதார்கள். அந்த நேரம் பார்த்து எர்மெக் வந்து இறங்கினான், சுகாதார அலுவலகத்துக்காரன். டிரைவர் பெரிய சுவரொட்டி ஒன்றைத் தூக்கிவந்து கூடார வாசலில் சாய்த்து வைத்தான். அதில் உர்குயா சோப்பு நுரையோடு இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். கை கழுவுவோம், நலமாய் வாழ்வோம்! ஜிபார் அதைப் படித்தாள். எதில் கழுவுவது, உன் எச்சிலிலா?

ஒப்பாரி நடுவிலேயே எர்மெக் அவளை வெளியே கூப்பிட்டான்.

“ஏழைங்க குரல்னா அது உர்குயா அக்கா குரல்தாம்மா.”

“அப்பிடியா? அங்க என்ன பேசுனாங்க எங்கம்மா?”

எர்மெக் டிரைவரைப் பார்த்தான். “பேசு… நல்லா ஒத்துழைச்சாங்க. இப்ப அவங்க இடம் காலியாயிருக்கு, நீதான் வந்து உக்காரணும். அடுத்த மாசம் கூட்டம். வண்டி அனுப்புறேன், சாப்பாடெல்லாம் நம்ம பொறுப்பு.”

“இன்னைக்கேவா, ஐயா?” என்றார் பக்கத்து வீட்டு சாதிர். “பொணம் இன்னும் வாசல் தாண்டல.”

சின்னம்மா ரொட்டியும், வாய்க்கால் தண்ணீர் விட்டுக் கலக்கிய ஒரு கிண்ணம் மோரும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல வெயில். துக்க வீட்டில் வைத்ததைத் தொடாமல் எழக்கூடாது என்று அவனுக்கும் தெரியும். கிண்ணத்தைத் தூக்கினான், உதட்டில் ஒற்றினான், வைத்தான். மோர் துளியும் குறையவில்லை. டிரைவர் நீட்டிய பாட்டில் தண்ணீரைத்தான் மடக் மடக்கென்று குடித்தான்.

சாதிர் பார்த்தார். கம்பில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். த்தூ, இப்படித்தானா இந்த வித்தை என்று ஜிபாருக்குப் புரிந்தது. எதையும் உள்ளே இறக்காதவன் எவனுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் போய்விட்டதே அம்மாவுக்கு!

“வர்றேன்,” என்றாள். “வண்டி வேணாம், பஸ்ல வந்துக்கிறேன். சோறும் வேணாம்.”

“என்னம்மா இப்படிச் சொல்ற? வந்தவங்களைப் பட்டினி போடுறது மரியாதையா?”

“நீங்க இங்க குடிச்ச அளவு நான் அங்க தின்னுக்கிறேன்.”

எர்மெக் எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான். சாதிர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, சுவரொட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பிறகு ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். பெண்களின் குரல் ஓங்கியது.

ஜிபார் வாசலோடு நின்றுவிட்டாள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவள் திரும்பியபோது, காலையிலிருந்து யாரும் கவனிக்காத அவளுடைய சின்ன மகள், எர்மெக் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, அடிவரை குடித்துக்கொண்டிருந்தாள்.