நினைவகம் காலி

வரிசை மெதுவாக நகர்ந்தது. தேர்வுக்கூட வாசலில் மேசை போட்டு, ஒவ்வொருவரின் கால்குலேட்டரையும் வாங்கி, உள்ளே எழுதி வைத்திருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். போன இரண்டு தடவையும் இந்தக் கெடுபிடி இல்லை. அப்போது என்னிடம் அழிக்க எதுவும் இல்லை. என் நேரம் அப்படி.

நில அளவையாளர் உரிமத்துக்கான தேர்வு இது. மூன்று வாய்ப்புதான் தருவார்கள், இது மூன்றாவது. அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் நிலம் அளக்கும் கருவி தானாகவே திரும்பிக் குறி பார்க்கிறது. அதன் பின்னால் நிற்க ஆள் வேண்டாம். இத்தனை வருடமும் கருவிக்குப் பின்னால் நின்றவள் நான்தான். "உரிமம் இருந்தா வரைபடத்துல கையெழுத்துப் போடுற வேலைக்கு மாத்திடறேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இரண்டு தடவையும் நான் பாடம் தெரியாமல் தோற்கவில்லை. நேரம் போதாமல் தோற்றேன். ஒரு நிலத்தைச் சுற்றிவந்து எடுத்த அளவுகளைக் கூட்டி, பிழையைப் பங்கிட்டுச் சரிசெய்யும் கணக்கு ஒன்றே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அதனால் அதற்கு நானே புரோகிராம் எழுதினேன். யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், துணி காயப்போடும்போது என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. என் மூளையில் இருப்பதைக் கால்குலேட்டரில் வைத்தால் அது எப்படிக் காப்பியடிப்பது ஆகும்? எல்லாவற்றையும் அழிப்போம் என்று அறிவிப்பு வந்த அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

என் கணவர் போன் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. நேற்று கால்குலேட்டரைக் கடைக்கு எடுத்துப் போய் ஏதோ செய்தார். என்ன செய்தார் என்பதை, இன்று காலை என்னை வாசலில் இறக்கிவிடும்போதுதான் சொன்னார்.

"அவங்க அழிச்சா 'நினைவகம் காலி'ன்னு காட்டும். ஆனா அழியாது. உள்ள போய் இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கு, எல்லாம் திரும்ப வந்துடும்."

"மாட்டினா?"

"மாட்டாது. தப்பில்லேன்னு நீதானே சொன்ன?"

தப்பில்லை என்றால் இந்தப் பொய்த் திரை எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கால்குலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேசையில் இருந்த கண்காணிப்பாளர் அம்மாவுக்கு என் மாமியார் வயது இருக்கும். பட்டனை அமுக்கினார். 'நினைவகம் காலி' என்று வந்தது. கால்குலேட்டரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மன்னிச்சிக்கோம்மா. எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினியோ. அழிக்கும்போது எனக்கே மனசு கேக்கல."

அவர் முறைத்திருந்தால் விறுவிறுவென்று உள்ளே போயிருப்பேன். மன்னிப்புக் கேட்டுத் தொலைத்துவிட்டார்.

வினாத்தாளில் அந்தக் கணக்கு இருந்தது. வராமல் இருக்குமா? முன் இருக்கைக்காரர் தலையைச் சொறிந்து சொறிந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடையதும் அழிந்தது, நிஜமாகவே அழிந்தது. நானும் அவரைப் போலவே ஆரம்பித்தேன். பாதியில் ஒரு கோணத்தைத் தப்பாக எடுத்து, அடித்து, மறுபடி எழுதினேன். கடிகாரம் ஓடியது. என் விரல்கள் தாமாகவே அந்த இரண்டு பட்டன்களின் மேல் போய் உட்கார்ந்தன. எடுத்தேன். மறுபடி போயின.

இந்தப் புரோகிராம் தொலைந்தால்தான் நான் ஒழுங்காக எழுதுவேன் என்று அழிக்கும் பட்டனை அமுக்கினேன். 'நினைவகம் காலி' என்றது. எனக்கே பொய் சொன்னது. நிஜமாக அழிக்க வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்க வேண்டும். கண்முன் வந்து நின்றபிறகு அழிக்க எனக்குக் கை வராது. என்னை எனக்குத் தெரியும்.

கையைத் தூக்கினேன். அந்த அம்மா வந்தார்.

"என்னம்மா, பேனா எழுதலையா?"

"இதை இன்னொரு தடவை அழிச்சிடுங்க மேடம்."

விநோதமாகப் பார்த்துவிட்டு அமுக்கினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரு, காலியாத்தான் இருக்கு. பயத்துல உனக்கு ஒண்ணும் ஓடல. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு எழுது."

தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது. நானாகக் கேட்டாயிற்று, அவரும் பார்த்தாயிற்று. இனி என்னை யார் என்ன சொல்ல முடியும்? உரிமம் வேண்டும். வேலை வேண்டும். இன்னொரு வாய்ப்பு கிடையாது. ரெண்டே பட்டன்.

"மேடம்" என்றேன்.

திரும்பினார். முகத்தில் அதே பரிவு.

"அது அழியல."