மீதி அறுநூறு படிகள்

லூபஸ் நோயாளிக்கு வெயில் ஆகாது என்று நர்ஸ் சொர்ணலதா ஆறு மாதமாகத் தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள். ஆனாலும் கன்னம் சிவந்து, மூட்டெல்லாம் வீங்கி, மகேஸ்வரி மறுபடி வார்டுக்கு வந்துவிட்டாள்.

“எங்கே கூட்டிட்டுப் போனீங்க?”

“மைசூர் சாமுண்டி மலைக்குங்க சிஸ்டர்,” என்றான் கணவன் ரத்தினவேல். “இவளுக்கு நல்லாகணும்னு வேண்டினேன். ஆஷாட மாச வெள்ளியில ஆயிரம் படிக்கும் மஞ்சள் குங்குமம் வெக்கறேன்னு.”

“வேண்டினது நீங்க, வெயில்ல ஏறினது அவங்களா?”

“மோடமாத்தானுங்க இருந்துச்சு!”

“மேகம் இருந்தாலும் ஆகாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! கிட்னியைத் தொட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?”

அவன் முகம் வெளிறியது. பரிசோதனை முடிவு மாலையில்தான் வந்தது. நல்லவேளை, சிறுநீரகம் தப்பியிருந்தது.

“நானூறு படியில உக்காந்துட்டாளுங்க,” என்று இழுத்தான். “மீதி அறுநூறு நிக்குதுங்களே சிஸ்டர்?”

“நீங்களே வைங்க.”

“அது பொம்பளைங்க வெக்கறதுங்க!”

“குனிஞ்சு வைங்க மாமா, உங்க மூஞ்சி யாருக்கும் தெரியாது,” என்றாள் மகேஸ்வரி.

அடுத்த வெள்ளி மதியம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குங்குமத்தில் சிவந்த விரல்களோடு வார்டுக்குள் நுழைந்தவன் நேராக மனைவியின் கையைப் பிடிக்கப் போனான்.

“முதல்ல சோப்பு போட்டுக் கை கழுவுங்க!” என்று கத்தினாள் சொர்ணலதா.