ஒரே கதவு எண்

கட்டணம் ஏறப்போகிறது என்ற செய்தி வந்தபோது சின்னவர் ஒரு காரின் இடப்பக்கக் கதவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சேதத்தை மதிப்பிட்டுக் கொடுப்பது அவர் வேலை. காலையில் வீட்டு மேசை முன் உட்கார்ந்தால் மாலைவரை நசுங்கல்கள்தான். எது பழைய கீறல், எது புதியது, இடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இடித்துக்கொண்ட இருவரும் நடந்ததை எழுதியும் அனுப்புவார்கள். தப்பு எப்போதும் எதிராளியுடையதாக இருக்கும். சின்னவர் அதைப் படிப்பதில்லை.

செய்தியில் தேன் தடவியிருந்தது. தங்களுக்கு மேலான இணைய அனுபவம் தரும் பொருட்டு அடுத்த மாதம் முதல் புதிய கட்டணம் என்றது. பழையதில் பாதியைப் பழையதோடு கூட்டினால் புதியது. மனைவியிடம் காட்டினார். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். கிளம்பும் அவசரத்தில், கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே படித்தாள்.

"ஏத்தறதையும் ஏதோ பரிசு குடுக்கிற மாதிரி சொல்றான். எங்க டாக்டர்கூட பிடுங்கறதுக்கு முன்னாடி வலிக்கும்னு சொல்லிடுவார்."

வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்றார் சின்னவர். புதிதாக வந்த ஒரு கம்பெனி கம்பத்துக்குக் கம்பம் விளம்பர அட்டை கட்டியிருந்தது. விலையும் குறைவு, வேகமும் அதிகம் என்று பேச்சு. அவளுக்குச் சாவி கிடைத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

"அப்போ கீழ?"

"கீழ என்ன? வேணும்னா அவரே ஒண்ணு போட்டுக்கட்டும்."

கீழே இருந்தது அவருடைய அண்ணன். தெருவுக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். அப்பா போன பிறகு கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். குரல் உயராமல் முடிந்ததே என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். தண்ணீருக்குத் தனிக் குழாய், மின்சாரத்துக்குத் தனி மீட்டர், மாடிக்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. எல்லாம் முடிந்த கடைசி நாள், கூடத்திலிருந்து மாடிக்கு ஏறும் உள்படிக்கட்டை என்ன செய்வது, உச்சியில் இருக்கும் வாசலை அடைத்துவிடவா என்று கொத்தனார் கேட்டார். முதலில் அண்ணனிடம் கேட்டார். "அவன் இஷ்டம்" என்றார் அண்ணன். மேலே வந்து தம்பியிடம் கேட்டார். "அவர் இஷ்டம்" என்றார் தம்பி. கொத்தனார் இரண்டு இஷ்டங்களையும் கூட்டிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் செங்கல் வைத்து அடைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். மாலையில் அண்ணன் கீழிருந்து பார்த்தார், தம்பி மேலிருந்து பார்த்தார். அடைக்கச் சொன்னது மற்றவர்தான் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் பேச்சு தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நின்றது எப்போது என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது.

கொத்தனார் வாயால் இது மனைவிகள் இருவருக்கும் தெரியும். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து சொன்னபோது சின்னவர் சிரிக்கவில்லை. அவர் இஷ்டம் என்று தான் சொன்னது மரியாதைக்கு, அவன் இஷ்டம் என்று அண்ணன் சொன்னது அலட்சியத்துக்கு என்றார்.

பிரிக்காமல் விட்டது இணைய இணைப்பு ஒன்றைத்தான். வேண்டுமென்று விடவில்லை, மறந்துவிட்டார்கள். அதன் மோடம் பெட்டி மாடியில் இருந்தது, அடைத்த வாசலில் அடித்த பலகைமேல். அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம் என்பதால் சிக்னல் அந்த வழியாகக் கீழே இறங்கிவிடும். பாதிக் கட்டணம் மாதாமாதம் அண்ணி கையிலிருந்து மனைவி கைக்கு வந்துவிடும். பெட்டி பழையது, அடிக்கடி நின்றுபோகும். அப்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்கும். சின்னவர் எழுந்து போய்ப் பெட்டியை அணைப்பார், சற்றுப் பொறுத்துப் போடுவார், பச்சை விளக்கு வந்ததும் சுவரில் ஒரு தட்டு தட்டுவார். யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதில்லை. முதல்முறை அப்படி நடந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போதெல்லாம் தட்டு கூடியிருந்தது. காலையில் அவர் மேசைக்கு வந்ததும் ஒன்று. சில நாள் மாலையிலும். பல நாள் பெட்டியில் பச்சை விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும், கார் படங்கள் பாதி ஏறியிருக்கும். கீழே சிக்னல் எட்டவில்லை போல என்று முணுமுணுத்துக்கொண்டே அணைப்பார். படங்களை முதலிலிருந்து ஏற்ற வேண்டிவரும். மனுஷனுக்கு நேரம் காலமே கிடையாதா என்பார். ஆனால் ஒருமுறைகூட அணைக்காமல் இருந்ததில்லை.

புதிய கம்பெனிக்குப் போன் செய்யும் எண்ணத்தை அவர் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன் என்றாள் மனைவி. கேட்டால் என்ன சொல்வார் என்று சின்னவருக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லும் அந்தக் குரலிலேயே காதில் விழுந்தன. கேட்காமல், ஏறிய கட்டணத்தைத் தானே கட்டிக்கொண்டு கீழிருந்து பழைய பாதியையே வாங்கிக்கொள்ளலாம். அது தெரியவந்தால் இவன் யார் எனக்குச் சலுகை தர என்று அங்கே முகம் சுளிக்கும். மாறிவிடுவதுதான் சுத்தமான வழி. நூல் ஒன்று மிச்சமிருக்கிறது, அதையும் வெட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். இப்படித் தீர்மானித்துவிட்டு ஒரு காரின் நசுங்கிய பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. புதுப் பெட்டி நிற்காதாம். அது வந்த மறுநாள் காலை கீழிருந்து இரண்டு தட்டு வந்தால் என்ன செய்வது? அணைத்துப் போட ஒன்றும் இருக்காது. சும்மாவாவது ஒரு தட்டு தட்டலாமா? அது பொய் இல்லையா? தட்டு வராமலே போனால்? அந்தக் கேள்வியோடு அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்து, போனை எடுத்துப் பதிவு செய்துவிட்டார்.

இணைப்பு கொடுக்க வந்த ஆள் நல்ல பருமன். இரும்புப் படிக்கட்டு அதிர ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். அன்று மனைவிக்கு விடுமுறை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுத் தன் போனில் வீட்டின் கதவு எண்ணைப் பதிந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி பதிந்தார்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே நம்ம கனெக்ஷன் ஓடுதுன்னு காட்டுது சார்."

இருக்காது, எங்களுடையது வேறு கம்பெனி என்று பலகையைக் காட்டினார் சின்னவர். வந்தவர் பலகையைப் பார்த்தார், அதன் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அட, இந்த வீடா. கீழ நான்தானே வந்து போட்டேன், போன மழை சமயத்துல. இந்தப் பக்கமா ஏறி வந்ததுல அடையாளம் தெரியல. படிக்கட்டு மேல போய் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குமே, அந்த வீடுதானே?"

அந்த ஆளுக்குப் பேச்சுக்குத் துணை வேண்டியிருக்கவில்லை.

"கீழ அய்யா உச்சிப்படியில ஒரு திண்டு போட்டு பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. பக்கத்துல ஒரு கரண்டி. முட்டியில பட்டி கட்டிக்கிட்டு எதுக்குங்க இவ்ளோ ஏறி வந்து உக்காருறீங்கன்னு கேட்டேன். இங்கதான் காத்து வருதுன்னாரு." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "சுவர் சார் அது. எங்கேருந்து காத்து வரும்?"

போன மழை சமயம் என்றால் வருஷம் ஒன்றாகப்போகிறது. கீழே தனி இணைப்பு வந்து ஒரு வருஷம். அதன் பிறகும் பாதிக் கட்டணம் தவறாமல் வந்திருக்கிறது. அதன் பிறகுதான் தட்டு கூடியிருக்கிறது. சின்னவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். அதில் ஆச்சரியம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கீழ அக்காதான், போட்ட அன்னிக்கே சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அணைச்சுப் போட எழுந்து போயிருப்பீங்களா?"

செம்பை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். வந்தவர் தன் போக்கில் விஷயத்தை விளக்கினார். ஒரு கதவு எண்ணுக்கு ஓர் இணைப்புதான். வீடு பிரிந்ததற்குக் காகிதம் இருந்தால் காட்டலாம், கம்பெனி பார்த்து முடிவு செய்யும். அப்படிக் காகிதம் இல்லை. குழாயைப் பிரித்தார்கள், மீட்டரைப் பிரித்தார்கள், கதவு எண்ணைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் விட்டவை இன்னும் என்னென்ன இருக்குமோ என்று சின்னவர் நினைத்தார்.

"இல்லன்னா ஒண்ணு பண்ணலாம்," என்றார் வந்தவர், குரலைத் தணித்து. "கீழ இருக்கறது பெரிய பிளான். நாலு வீட்டுக்குத் தாங்கும். இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டு ஒயரை மேல இழுத்துட்டா முடிஞ்சுது. நான் சொன்னேன்னு ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. ஆனா அய்யாவை ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டுட்டு வரவா?"

சின்னவர் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அந்த ஆள் இறங்கினார். படிக்கட்டின் அதிர்வு கூடம்வரை வந்து அடங்கியது. சின்னவர் சுவர் முன்னால் நின்றார். இத்தனை வருஷத்தில் அதை அவர் சரியாகப் பார்த்ததில்லை. பலகைக்குக் கீழே, அவர் விரல் முட்டும் இடத்தில், சுண்ணாம்பு தேய்ந்து உள்ளங்கை அளவுக்கு வெளிறியிருந்தது. படத்தில் பார்த்தால் உடனே சொல்லியிருப்பார். ஒரே இடத்தில், லேசாக, பலமுறை பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஓர் அடி வைத்து, நின்று, மறு அடி. அது அந்தப் பருமனான ஆளின் நடை இல்லை. பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பிறகு இரும்புப் படிக்கட்டு மறுபடி அதிர்ந்தது.

"கேட்டுட்டேன் சார்," என்றார் வந்தவர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. "உங்க இஷ்டமாம்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. சின்னவருக்கு வாயில் பழைய சொல் தயாராக வந்துவிட்டது. இத்தனை காலமும் அதை மரியாதை என்றே நினைத்திருந்தார். கொத்தனார் இதே இடத்தில்தான் நின்றார், இதேபோலப் பதிலுக்குக் காத்திருந்தார். வந்தவர் பையிலிருந்து துளையிடும் கருவியை எடுத்து ஒயரைச் செருகி, முனையைத் துடைத்தார். அவசரமில்லாத ஆள்.

"போடுங்க," என்றார் சின்னவர். பிறகு இதையும் சேர்த்துச் சொன்னார். "நான்தான் போடச் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

வெளிறிய அந்த இடத்திலேயே கருவியை வைத்தார் அந்த ஆள். சத்தம் வீட்டை உலுக்கியது. முதலில் வெள்ளைத் தூள், பிறகு சிவப்புத் தூள் தரையில் கொட்டியது. ஒற்றைச் செங்கல்தானே, சீக்கிரம் மறுபுறம் போய்விட்டது. கருவியை உருவியதும் துளையில் வெளிச்சம் தெரிந்தது. கீழே கூடத்துச் சன்னல் வெளிச்சம். கீழிருந்து ஒயரை விடுகிறேன், முனை வந்ததும் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாக இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். சின்னவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். குனிந்து பார்க்கலாம் என்று தோன்றியது. பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் வெளிச்சம் மறைந்தது. ஒயரின் முனை துளையில் தட்டுத்தடுமாறி, தூளைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்தது. இரண்டு விரலால் பிடித்தார். ஒயர் கொஞ்சம் வந்தது, நின்றது, மறுபடி கொஞ்சம் வந்தது. அவர் இழுக்கவில்லை, வரவரச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. திரும்பினார். அந்த ஆள் மூச்சு வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தார், குறடைப் பையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

ஒயர் இன்னும் வந்துகொண்டிருந்தது.

சின்னவர் சுவரைப் பார்த்தார். ஒயர் நின்றது. பிறகு விரல்களுக்கு நடுவே இரண்டு முறை லேசாக அசைந்தது. மேலே பலகையில் பழைய பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முனையை விடாமல், செங்கல் தூள் படிந்த மற்றொரு கையைத் தூக்கிச் சுவரில் வைத்தார்.