‘காணும்’ சொல்ல ஆளில்லை

கிருமிக்கு ஊதாச்சாயம் ஏற்றுவது பெரிய வித்தையில்லை. ஏற்றியதை மதுசாரம் ஊற்றிக் கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவகைக் கிருமி ஊதாவை விடாது. மற்றவகை விட்டுவிட்டு, அடுத்து ஊற்றும் சிவப்பை வாங்கிக்கொள்ளும். கழுவுவது கொஞ்சம் கூடிப்போனால் விடாததும் விட்டுவிடும்.

அந்த வாவிக்கரை ஆய்வுகூடத்தில் ஸாலிஹா ஊற்றுவாள். மேனுகா குனிந்து, கண்ணாடித் தகட்டிலிருந்து வழிவதைப் பார்த்திருந்து, “காணும் ராத்தா, நிப்பாட்டுங்க” என்பாள். தமிழ்ப் பிள்ளைதான், வந்த முதல்நாளே அக்கா என்னாமல், முஸ்லிம் பிள்ளைகளைப்போல ராத்தா என்று கூப்பிட்டவள். போன மாதம் அவளும் அவுஸ்திரேலியா போய்விட்டாள்.

இன்று இறால் பண்ணைத் தண்ணீரில் வளர்ந்த கிருமிக்குப் பக்கத்திலேயே, ஊதாவாகத்தான் நிற்கும் என்று தெரிந்த கிருமியையும் ஸாலிஹா தடவியிருந்தாள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டும் சிவப்பு. சாயத்தில் பிழையில்லை. மதுசாரப் போத்தலைச் சரித்தபடி, பக்கத்தில் யாரோ சொல்வார்கள் என்று காத்து நின்றிருக்கிறாள்.

“விசரி” என்று தன்னையே ஏசிக்கொண்டு புதுக் கண்ணாடி எடுத்தாள். இம்முறை வழிவது தெளிந்ததும், “காணும்” என்று வாய்விட்டுச் சொன்னாள். வெறும் அறையில் அது வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

இறால் தண்ணீர்க் கிருமி சிவப்பு. மற்றது திராட்சைக் குலைபோல நல்ல ஊதா. இத்தனை வடிவாக ஒருநாளும் வந்ததில்லை. ஸாலிஹா எழுந்து, மேனுகா பார்க்கட்டும் என்று ஸ்டூலை விட்டு விலகி நின்றாள்.